குழாய் வந்தாயிற்று, அடுத்து என்ன? கிராமக் குடிநீர்க் குழுவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஊராட்சியின் கிராமக் குடிநீர் மற்றும் சுகாதாரக் குழுவில் உங்கள் பெயரைச் சேர்த்திருக்கலாம். அல்லது ஊருக்குத் திரும்பி வந்து, ‘வீட்டுக்கு வீடு குழாய் இருந்தும் தெருவில் ஏன் இன்னும் குடங்கள் வரிசையாக நிற்கின்றன’ என்று கேட்கிற இளைஞராக நீங்கள் இருக்கலாம். இருவருக்கும் ஒரே வழிதான். தமிழ்நாட்டு ஊராட்சி ஒன்றை மனதில் வைத்து எழுதுகிறேன். புரிவதற்காக, 1,500 பேர் வாழும் ஊர் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் கொஞ்சம் பின்னணி. கிராமங்களில் வீட்டுக்கு வீடு குழாய் தரும் ஜல் ஜீவன் இயக்கத்தை ஒன்றிய அரசு 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவித்தது. அப்போது நாட்டில் 3.23 கோடி கிராமப்புற வீடுகளில்தான், அதாவது நூற்றுக்குப் பதினேழு வீடுகளில்தான், குழாய் இருந்தது. இன்று அந்த எண்ணிக்கை 15 கோடியைத் தாண்டிவிட்டது. தமிழ்நாட்டில் ஏறக்குறைய 1.25 கோடி கிராமப்புற வீடுகளில் 22 லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்த இணைப்பு, 1.1 கோடியைக் கடந்திருக்கிறது. 2024-க்குள் முடிக்க நினைத்த திட்டம் 2028 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. இது பெரிய வேலைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் திட்டம் தருவதாகச் சொன்னது குழாயை மட்டும் இல்லை. ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர், குடிக்கத் தகுந்த தரத்தில், தொடர்ந்து வர வேண்டும். முந்தைய திட்டங்களில் இது 40 லிட்டராக இருந்தது. அந்த மூன்றும் உங்கள் ஊரில் நிறைவேறுகின்றனவா என்று பார்ப்பதுதான் குழுவின் வேலை. அதோடு, உள்ளே வந்த தண்ணீர் எங்கே போகிறது என்று பார்ப்பதும் அதே குழுவின் வேலை. பெரும்பாலான ஊர்களில் இந்த இரண்டாவதைத் தனிக் கதையாக ஒதுக்கி வைக்கிறார்கள். இரண்டையும் ஒரே நாளில், ஒரே நோட்டில் எழுதத் தொடங்குங்கள்.

ஊரை ஒருமுறை நடந்து பாருங்கள்

கையில் நோட்டும் பேனாவும் போதும். டேங்க் ஆபரேட்டரைக் கூட்டிக்கொள்ளுங்கள். எந்த வால்வைத் திறந்தால் எந்தத் தெருவுக்குப் போகும், எந்த இடத்தில் அடிக்கடி லைன் உடையும், எந்த போர் கோடையில் வற்றும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். பொறியாளரின் வரைபடத்தில் இல்லாதது அவர் தலையில் இருக்கும். அவரிடம் மரியாதையாகப் பேசி, சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். அவருடைய சம்பளம் மாதாமாதம் ஒழுங்காக வருகிறதா என்றும் கேளுங்கள். வராவிட்டால் அதுவும் குடிநீர்ப் பிரச்சினைதான்.

நீர் ஆதாரம் எது? ஊராட்சியின் சொந்த ஆழ்துளைக் கிணறா, திறந்த கிணறா, அல்லது குடிநீர் வடிகால் வாரியத்தின் கூட்டுக் குடிநீர்த் திட்டத்திலிருந்து வருகிறதா? பல ஊர்களில் இரண்டும் கலந்து வரும். அப்படியென்றால் எந்த நாளில் எது வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆற்றுத் தண்ணீர் வரும் நாளில் நன்றாக இருப்பது, போர் தண்ணீர் வரும் நாளில் உப்பாக இருக்கும்.

அப்புறம் கணக்கு. 1,500 பேர், ஆளுக்கு 55 லிட்டர் என்றால் நாளைக்கு 82,500 லிட்டர். ஊரில் இருப்பது 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி ஒன்றுதான் என்றால், அது நாளைக்கு மூன்று முறை நிரம்பி இறங்க வேண்டும். மோட்டார் அவ்வளவு நேரம் ஓடுகிறதா, அத்தனை நேரம் மும்முனை மின்சாரம் இருக்கிறதா? இதை எழுதிப் பார்த்தாலே பாதிக் குறை எங்கே என்று தெரிந்துவிடும்.

நடையின் கடைசியில் கடைக்கோடி வீட்டுக்குப் போங்கள். மேட்டுத் தெருவாக இருக்கலாம். பல ஊர்களில் அது ஆதிதிராவிடர் குடியிருப்பாக இருக்கிறது. லைன் முடிகிற இடத்தில் அழுத்தம் குறைவது இயற்கை என்று சொல்லித் தட்டிக்கழிப்பார்கள். கடைசியில் இருக்கிற வீட்டுக்கும் போதுமான தண்ணீர் போகும்படி வால்வு நேரத்தைப் பிரித்துவிடுவது எந்த ஊராட்சியாலும் செய்யக்கூடிய காரியம். அந்தத் தெருவுக்கு முதலில் திறந்துவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

குழாயடியில் அளந்து பாருங்கள்

நான்கு பேர் உள்ள வீட்டுக்கு நாளைக்கு 220 லிட்டர் வர வேண்டும். 15 லிட்டர் குடமென்றால் ஏறக்குறைய 15 குடம். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் தண்ணீர் விடுகிறார்கள் என்றால், 10 லிட்டர் வாளி மூன்று நிமிடத்துக்குள் நிரம்ப வேண்டும். கைபேசியில் நேரம் வைத்துப் பாருங்கள். தெருவின் தொடக்கத்தில், நடுவில், கடைசியில் என மூன்று வீடுகளிலாவது ஒரே நாளில் அளந்து எழுதுங்கள். ‘தண்ணீர் சரியாக வருவதில்லை’ என்று புகார் சொன்னால் யாரும் அசைய மாட்டார்கள். ‘கிழக்குத் தெரு முதல் வீட்டில் வாளி ஒரு நிமிடத்தில் நிரம்புகிறது, கடைசி வீட்டில் எட்டு நிமிடம்’ என்று எழுதிக் கொடுத்தால் பதில் சொல்லியாக வேண்டும்.

அளக்கும்போது குழாயில் நேராக மோட்டார் வைத்து உறிஞ்சுகிற வீடுகளும் கண்ணில் படும். இதில் தயவு பார்க்கக் கூடாது. அடுத்த வீட்டுக்காரரின் பங்கை எடுப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். லைனில் அழுத்தம் குறைந்து உள்நோக்கி இழுக்கும்போது, விரிசல் வழியாகச் சாக்கடைத் தண்ணீர் குழாய்க்குள் வந்துவிடும். ஊரில் திடீரென்று வயிற்றுப்போக்கு வந்தால் குழாய் சாக்கடையைக் கடக்கும் இடங்களை முதலில் தோண்டிப் பார்ப்பது இதனால்தான்.

தொட்டியும் குளோரினும்

மொத்த வழிகாட்டியிலும் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறதென்றால் இதைப் படியுங்கள். செலவு மிகக் குறைவு, பலன் மிக அதிகம்.

மேல்நிலைத் தொட்டியை மாதம் இரண்டு முறை கழுவ வேண்டும். கழுவிய தேதியைத் தொட்டியின் தூணிலேயே எழுதி வைப்பது வழக்கம். அந்தத் தேதி உண்மையானதா என்று ஆபரேட்டரோடு நட்பாகப் பேசித் தெரிந்துகொள்ளுங்கள். கழுவும்போது அடியில் தேங்கிய வண்டலை வெளியேற்றும் வால்வு வேலை செய்கிறதா என்று பாருங்கள். பல தொட்டிகளில் அது துருப்பிடித்து இறுகிக் கிடக்கும். தொட்டியின் மூடிக்குப் பூட்டு வேண்டும். ஏணியின் அடியிலும் கதவு வைத்துப் பூட்ட வேண்டும். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பட்டியல் சமூக மக்கள் குடித்துவந்த தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரியவந்தது. அதற்குப் பிறகும் பூட்டில்லாத தொட்டி ஓர் ஊரில் இருக்கிறதென்றால் அதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

பிளீச்சிங் பவுடர் கணக்கு எளிது. 1,000 லிட்டருக்கு 4 கிராம். 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். பவுடரை அப்படியே தொட்டியில் கொட்டக் கூடாது. பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் விட்டுக் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படியும்வரை விட்டுவிட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் ஊற்ற வேண்டும். தொட்டியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போது ஊற்றினால் நன்றாகக் கலக்கும். ஊற்றியபின் அரை மணி நேரமாவது காத்திருந்துதான் வால்வைத் திறக்க வேண்டும். கிருமி சாவதற்கு அந்த நேரம் தேவை. புதிய பவுடரில் சுமார் 33 சதவீதம் குளோரின் இருக்கும். மூட்டையைப் பிரித்து மோட்டார் ரூமில் ஈரத்தில் போட்டு வைத்தால் வீரியம் போய்விடும். அந்தப் பவுடரை எத்தனை கிராம் போட்டாலும் பயனில்லை. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில், இருட்டான காய்ந்த இடத்தில் வையுங்கள்.

சரி, போட்டது போதுமா என்று எப்படித் தெரியும்? குளோரோஸ்கோப் என்ற சிறிய பெட்டி ஊராட்சியில் இருக்க வேண்டும். தண்ணீரில் சொட்டு மருந்து விட்டால் மஞ்சள் நிறம் வரும், அதைப் பக்கத்திலுள்ள நிறத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கடைக்கோடி வீட்டுக் குழாயில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். தொட்டிக்கு அடியில் சோதித்துவிட்டுப் போகிறவர்களிடம், கடைசி வீட்டில் சோதிக்கச் சொல்லுங்கள். நிறமே வராவிட்டால் பவுடர் வீரியமில்லாதது, அல்லது வழியில் எங்கோ அழுக்கு கலந்து குளோரினைத் தின்றுவிட்டது. ‘மருந்து வாசனை அடிக்கிறது’ என்று குறைப்படுபவர்களிடம், பாத்திரத்தில் பிடித்து மூடாமல் கொஞ்ச நேரம் வைத்தால் வாசனை போய்விடும் என்று சொல்லுங்கள்.

தண்ணீரின் தரம்

கிருமியைக் குளோரின் பார்த்துக்கொள்ளும். பாறைக்குள்ளிருந்து கரைந்து வருவதை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் புளோரைடு மிகுந்து, பற்களில் பழுப்புக் கறையும் எலும்பு வளைவும் தலைமுறையாக இருந்தன. அதற்காகத்தான் ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013-இல் காவிரி நீர் அந்த ஊர்களுக்குப் போனது. இப்படிப்பட்ட மண்ணில், ஆற்று நீர் வராத நாளில் பழைய போரிலிருந்து குடிக்கத் தண்ணீர் விடுவது ஆபத்து.

நினைவில் வைக்க வேண்டிய அளவுகள் சிலவே. லிட்டருக்கு, புளோரைடு 1 மில்லிகிராம் வரை நல்லது, வேறு ஆதாரமே இல்லாவிட்டால் 1.5 வரை பொறுக்கலாம். நைட்ரேட் 45-க்கு மேல் போகவே கூடாது. கரைந்த உப்புகள் மொத்தம் 500 வரை நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2,000. மலக்கிருமி 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. வீட்டில் கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். கொதித்தால் கிருமி சாகும். புளோரைடும் நைட்ரேட்டும் உப்பும் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அவற்றின் செறிவு கூடத்தான் செய்யும்.

ஒவ்வொரு ஊரிலும் ஐந்து பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டியில் பயிற்சி தர வேண்டும் என்பது திட்டத்தின் விதி. உங்கள் ஊரில் அந்த ஐவர் யார் என்று கேளுங்கள். பெயர் மட்டும் காகிதத்தில் இருந்தால் மறுபடி பயிற்சி கேளுங்கள். பெட்டியிலுள்ள மருந்துகளுக்குக் காலாவதித் தேதி உண்டு, அதையும் பாருங்கள். கிருமி சோதனைக்கான சிறு புட்டியில் தண்ணீர் பிடித்து ஒன்றிரண்டு நாள் வைத்து, அது கறுத்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது.

களச் சோதனை சந்தேகத்தைக் காட்டும், உறுதி செய்வது ஆய்வகம். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் பொதுமக்களே சிறு கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். இரசாயனச் சோதனை ஆண்டுக்கு ஒருமுறை, கிருமிச் சோதனை மழைக்கு முன்னும் பின்னும் என இரண்டு முறை செய்ய வேண்டும். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் புட்டியைத்தான் பயன்படுத்த வேண்டும். குழாயை இரண்டு நிமிடம் ஓடவிட்டு, மூடியின் உட்புறம் கை படாமல் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டு சேருங்கள்.

உள்ளே வந்த தண்ணீர் வெளியே போகும் வழி

55 லிட்டரில் ஏறக்குறைய 36 லிட்டர் குளியல், சமையல், துணி துவைப்பு என்று கழிவாக வெளியேறும் என்பது திட்டமிடுபவர்கள் வைக்கும் கணக்கு. நம் ஊரில் நாளைக்கு 54,000 லிட்டர். மேல்நிலைத் தொட்டி இரண்டு முறை நிரம்புகிற அளவுக்குக் கிட்டத்தட்ட வரும். முன்பு தெருக்குழாயில் பிடித்துச் சிக்கனமாகச் செலவழித்தபோது இது தெரியவில்லை. வீட்டுக்குள் குழாய் வந்த பிறகுதான் தெருவில் தேங்குகிறது, கொசு பெருகுகிறது, கடைசியில் குளத்திலோ ஊருணியிலோ போய் விழுகிறது. இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் ஊருணியைக் குடிக்கவே வைத்திருந்த ஊர்கள் உண்டு. அங்கே ஒரு சாக்கடை வந்து விழுவதைப் பார்த்தும் சும்மா இருக்க முடியாது.

முதலில் வீட்டளவில் பாருங்கள். கொல்லைப்புறம் இருக்கிற வீட்டில் வாழை, சேம்பு, கல்வாழை வைத்துப் பாய்ச்சலாம். இடம் குறைவென்றால் உறிஞ்சுகுழி. நீளம், அகலம், ஆழம் ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் போதும். அடியில் பெரிய கல், அதன்மேல் நடுத்தரம், மேலே சிறு ஜல்லி. குழிக்கு முன்னால் மண்ணும் எண்ணெய்ப் பிசுக்கும் தங்க ஒரு சிறு தொட்டி கட்டாயம் வேண்டும். அதைக் கட்டாமல் விட்டால் ஓராண்டுக்குள் குழி அடைத்துக்கொள்ளும். ‘உறிஞ்சுகுழி வேலை செய்யாது’ என்று ஊரில் சொல்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். கழிப்பறைத் தண்ணீரை ஒருபோதும் இதில் விடக் கூடாது. கிணற்றிலிருந்தோ போரிலிருந்தோ 10 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும், குழியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் நடுவில் இரண்டு மீட்டர் மண் வேண்டும்.

கரிசல் மண்ணிலும், நீர்மட்டம் மேலேயே நிற்கும் டெல்டா, கடலோர ஊர்களிலும், பாறை நிலத்திலும் உறிஞ்சுகுழி உதவாது. திட்ட இலக்குக்காக அங்கேயும் குழி தோண்டச் சொன்னால் மறுத்துச் சொல்லுங்கள். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று தோண்டுவதற்கு முன்பே பார்த்துவிடலாம். அப்படிப்பட்ட ஊரில் மூடிய வடிகாலில் கொண்டுபோய், முடிவில் வண்டல் தொட்டியும் கல்வாழைப் படுகையும் வைத்து, தெளிந்ததை மட்டும் வெளியே விட வேண்டும். நிலம் தாராளமாக உள்ள பெரிய ஊருக்கு, அடுத்தடுத்த குட்டைகளில் நிறுத்தி வெயிலாலும் நுண்ணுயிராலும் சுத்தம் செய்யும் முறை பொருந்தும்.

பணம் எங்கிருந்து? தூய்மை பாரத இயக்கத்தின் (ஊரகம்) இரண்டாம் கட்டத்தில், 5,000 பேர் வரை உள்ள ஊருக்குக் கழிவுநீருக்காக ஆளுக்கு 280 ரூபாய், அதற்கு மேற்பட்ட ஊருக்கு 660 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தார்கள். நம் ஊருக்கு 4,20,000 ரூபாய். இதில் 30 சதவீதத்தை, நிதிக்குழுவின் பரிந்துரைப்படி ஒன்றிய அரசு ஊராட்சிக்குத் தரும் மானியத்திலிருந்து போட வேண்டியிருந்தது. 2021 முதல் 2026 வரையான 15-ஆம் நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே ஒதுக்கப்பட்டது, இரண்டுக்கும் சரிபாதி. அந்தப் பணம் உங்கள் ஊரில் எதற்குப் போனது என்று ஊராட்சிச் செயலரிடம் கேட்டுப் பாருங்கள். இந்த ஆண்டு என்ன ஒதுக்கீடு என்பதை வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் இருக்கும் தூய்மை பாரத இயக்க ஒருங்கிணைப்பாளர் சொல்வார்.

கழிப்பறைக்கு இரட்டைக் குழி சிறந்தது. ஒன்று நிரம்பியதும் அடைத்துவிட்டு மற்றதுக்குத் திருப்பினால், இரண்டு ஆண்டில் முதல் குழியில் உள்ளது காய்ந்து உரமாகிவிடும். செப்டிக் டேங்க் இருந்தால் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை லாரி வைத்து எடுக்க வேண்டும். எடுத்ததை எங்கே கொட்டுகிறார்கள் என்று கேளுங்கள். ஏரிக்கரையிலும் ஓடையிலும் இரவில் திறந்துவிடும் லாரிகள் இன்னும் ஓடுகின்றன. செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியில் 2017 முதல் இதற்கென்றே ஒரு சுத்திகரிப்பு நிலையம் இயங்குகிறது. பக்கத்து நகராட்சியில் இப்படி நிலையம் இருந்தால் அதோடு உங்கள் ஊரை இணைக்கச் சொல்லி எழுதிக் கேட்கலாம், திட்டத்தில் அதற்கு இடம் உண்டு. எந்தக் காரணத்துக்காகவும் செப்டிக் டேங்குக்குள் ஆளை இறக்கக் கூடாது. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி அது குற்றம், ஒவ்வொரு ஆண்டும் உயிர்கள் போகின்றன. உதவிக்கு 14420 என்ற எண் இருக்கிறது.

கிராம சபை

நோட்டில் எழுதியதற்கெல்லாம் பலம் வருவது இங்கேதான். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடுகிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் என்பதால் அன்றைக்கு உங்கள் பேச்சுக்குக் காது கிடைக்கும். தேர்ந்தெடுத்த தலைவர் இல்லாமல் தனி அலுவலர் பொறுப்பில் இருக்கும் ஊராட்சியிலும் கிராம சபை உண்டு, கேட்கிற உரிமையும் உண்டு. 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊரில் 100 பேர் வந்தால்தான் தீர்மானம் செல்லும். எனவே முந்தைய வாரமே தெருத்தெருவாகச் சொல்லிவையுங்கள். மகளிர் குழுவினர் வந்தால் பாதிக் கூட்டம் வந்த மாதிரி.

அங்கே மூன்று காகிதங்களைக் கேளுங்கள். ஊரின் குடிநீர்ச் செயல்திட்டம், வேலையின் மதிப்பீடு, கடைசி ஆய்வக அறிக்கை. ஊருக்குள் நடக்கும் வேலையின் செலவில் 10 சதவீதம் மக்கள் பங்களிப்பு என்பது விதி. மலைப்பகுதி, வனப்பகுதி ஊர்களிலும் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் பாதிக்கு மேல் வாழும் ஊர்களிலும் 5 சதவீதம். உழைப்பாகவும் தரலாம். பணம் வாங்கினால் ரசீது கேளுங்கள்.

ஒரு விஷயத்தில் மிகக் கவனமாக இருங்கள். எல்லா வீட்டுக்கும் குழாய் கொடுத்தாயிற்று என்று துறை பதிவு செய்வது ஒன்று. ‘ஆம், எல்லா வீட்டுக்கும் பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் தண்ணீர் வருகிறது’ என்று கிராம சபை தீர்மானம் போட்டுச் சான்றளிப்பது வேறு. இரண்டாவது நடந்த பின்புதான் ஊர் முழுமை பெற்றதாகக் கணக்கு. அந்தத் தீர்மானத்தை வாசிக்கும்போது, வாளி அளந்த நோட்டைக் கையில் வைத்திருங்கள். கடைசித் தெருவுக்கு வரவில்லையென்றால் எழுந்து சொல்லுங்கள், அது சரியாகும்வரை சான்று தள்ளிப்போகட்டும். உங்கள் ஆட்சேபம் தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டும்.

இடையில் குழாய் உடைந்தால் கிராம சபைவரை காத்திருக்க வேண்டாம். ஊராட்சிச் செயலர், அப்புறம் வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சி), அதற்கும் பலனில்லையென்றால் ஊராட்சி மணி 155340 அல்லது முதல்வரின் முகவரி 1100. தொலைபேசியில் சொன்னால் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தால் ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். மதிப்பீட்டையும், செய்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தையும் காட்ட மறுத்தால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். மனுவில் தெருவின் பெயர், தேதி, வாளி நிரம்பிய நேரம், குளோரின் அளவு, கழிவுநீர் தேங்கும் இடத்தின் படம் என ஐந்தும் இருக்கட்டும். ஒரு பக்கத்துக்கு மேல் எழுத வேண்டாம்.